சிரிக்காத உறுப்பினர்

பதினோராவது நாளும் கங்காதரன் சிரிக்கவில்லை.

சேலையூர் பூங்காவில் முப்பது பேர் கையை வானத்துக்குத் தூக்கி "ஹா ஹா ஹா" என்று அதிர, வேப்பமரத்துக் காக்கைகளே இடம் மாறி உட்கார்ந்தன. நடுவில் அவர் மட்டும், தாலுகா ஆபீசில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர் போல நின்றார். கையைத் தூக்கினார். இறக்கினார். உதடு பிரியவில்லை.

ஸ்ரீரங்கன் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றதும் இந்தச் சிரிப்பு மன்றத்தை ஆரம்பித்து, ஆறு வருஷமாக நடத்துகிறார். செம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். சிரிக்காமல் வீடு திரும்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

"சார், எங்க மன்றம் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார்," என்றார் கங்காதரன், முகத்தில் ஒரு தசைகூட அசையாமல்.

"அப்புறம் ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?"

"நீங்க நடத்துங்க சார். எனக்கு இப்படியே சௌகரியமா இருக்கு."

ரயில்வேயில் கார்டாக இருந்த சுந்தர்சிங், ஸ்ரீரங்கனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "மனசுல ஏதோ பாரம் சார். ஜோக் சொல்லித்தான் இறக்கணும்."

மறுநாள் ஸ்ரீரங்கன் ஐந்து ஜோக் சொன்னார். மரியாதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். கங்காதரன் மட்டும் வாட்சைப் பார்த்தார்.

"ஜோக்கெல்லாம் பழசு சார். மிமிக்ரி பண்ணுங்க," என்றார், தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற காமு.

அதற்கடுத்த நாள் ஸ்ரீரங்கன் ஆடாகக் கத்தினார். ஆட்டோவாக உறுமினார். தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பை மூக்கால் சொன்னார். கங்காதரன் அக்கறையோடு கிட்டே வந்து, ஓர் இருமல் மிட்டாயை நீட்டினார்.

"தொண்டைக்கு நல்லது சார்."

அன்று ராத்திரி ஸ்ரீரங்கனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினான்காம் நாள் கடைசி அஸ்திரம். முப்பது பேரும் கங்காதரனைச் சுற்றி வட்டமாக நின்று, விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டிச் சிரித்தார்கள். அவர் முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சார், வேணாம்," என்றபடி வட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேறினார்.

சிரிப்பு பாதியில் நின்றது. காமு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அழவெச்சுட்டோம் சார்!"

மறுநாள் கங்காதரன் வந்ததே பெரிய விஷயம். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஸ்ரீரங்கன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வேகமாக நடந்தார். புல்தரை ஈரம். கால் வழுக்கியது. பிடிமானத்துக்கு அகப்பட்டது சுந்தர்சிங்கின் டிராக் பேன்ட். இருவரும் கட்டிப்பிடித்தபடி சருகுக் குவியலுக்குள் விழுந்தார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நாய் அலறி எழுந்து, ஸ்ரீரங்கனின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியது.

பூங்காவே உறைந்து நின்றது.

குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது கங்காதரனிடமிருந்து வந்தது. அப்புறம் விசிலே வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் தெறிக்க, மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிச்சுட்டாரு! சிரிச்சுட்டாரு!" சருகுக்குள் கிடந்தபடியே ஸ்ரீரங்கன் இரு கையையும் உயர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அம்மா!" என்று அலறி, வயிற்றைப் பிடித்தபடி கங்காதரன் மடிந்து உட்கார்ந்தார். கைதட்டல் சட்டென்று அடங்கியது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சிட்டிபாபு ஓடிவந்தார். "இன்னா சார், சிரிச்சதுக்கா இப்டி ஆயிட்ச்சு? நான் பாத்ததே இல்ல சார். ஏத்து, ஏத்து!"

ஆஸ்பத்திரிக்குள் கங்காதரனைக் கொண்டுபோய் அரை மணி நேரம் ஆனது. வெளியே ஸ்ரீரங்கன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கங்காதரனின் மனைவி துர்கா பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்த நேரம், டாக்டரும் வெளியே வந்தார்.

"நல்லவேளை, தையல் பிரியல. குடலிறக்க ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்கூட ஆகல. இவரை யாருங்க சிரிக்க வெச்சது?"

ஸ்ரீரங்கன் சுந்தர்சிங்கின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷனா? ஏம்மா, தையல் போட்ட மனுஷனை யாராவது சிரிப்பு மன்றத்துக்கு அனுப்புவாங்களா?"

"காலையில வெளிய போய் நடங்க, ஆனா மறந்தும் சிரிச்சிடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு சார்," என்றாள் துர்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க அனுப்பறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். 'தைரியமா அங்க அனுப்புங்க, ஆறு வருஷத்துல ஒருத்தருக்குக்கூட நிஜமா சிரிப்பு வந்ததில்ல'ன்னு உங்க வீட்டம்மாதான் அடிச்சுச் சொன்னாங்க!"