சம்பந்தியம்மாள் சொல்லாத ‘வேண்டாம்’

அன்புள்ள அகாத்தா அக்காவுக்கு,

கத்தானியாவிலிருந்து தம்பி கலோஜெரோ எழுதுவது. நீயும் அத்தானும் பெல்ஜியத்துக் குளிரில் மூட்டுவலி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் வயிறு மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

என் மகள் நுன்சியாவைப் பெண் கேட்டு, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வடக்கே திரெந்தோவிலிருந்து ஈஸ்டருக்கு வந்திருக்கிறார்கள். சம்பந்தி கூய்தோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார். சம்பந்தியம்மாள் எர்மினியா பேசுவதே இல்லை. அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்கிறாள் நுன்சியா. குளிர்தேசத்துக்காரர்களோடு முப்பது வருஷம் காலம் தள்ளியவள் நீ. இந்த மௌனம் சம்மதமா, கோபமா என்று நீதான் சொல்லவேண்டும்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஊரே காடுமேடு என்று கிளம்பும்போது நாங்கள் மட்டும் வீட்டில் அடைந்து கிடக்க முடியுமா, எட்னா எரிமலை அடிவாரத்துப் புல்வெளியில் கூனைப்பூ மொட்டுகளைச் சுட்டுச் சாப்பிடலாம் என்று காலையிலேயே காரைக் கிளப்பினேன். அக்கா, என்ன ஒரு வசந்தம்! ஆரஞ்சுத் தோப்பெல்லாம் பூத்துக் கிடக்கிறது, கார்க் கண்ணாடியை ஏற்றினாலும் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது, கோதுமை வயல் முழுக்கச் சிவப்புக் கசகசாப்பூ, மலை உச்சியில் இன்னும் பனி, அதற்கும் மேலே சோம்பலாக ஒரு புகை. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. சம்பந்தியம்மாளும் கண்கொட்டாமல்தான் பார்த்தாள், சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், அதற்குள் சாரோ மாமா வீடு வந்துவிட்டது. அவர் வாசலில் நிற்காமல் போனால் ஏழு தலைமுறைக்குப் பகை என்று உனக்குத் தெரியாதா? நின்றோம்.

“ஒரு காபி குடிச்சிட்டுப் போயிடுங்க” என்றார் மாமா. காபிக்கு முன்னால் ஆட்டுக்கறி வந்தது, அதற்கு முன்னால் பாலாடைக்கட்டி வந்தது.

“இன்னும் போய்ச் சேரவே இல்லையே, அதுக்குள்ள சாப்பாடா?” என்று கூய்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.

“இது சாப்பாடா? சும்மா கை நனைக்கிறதுதான், சம்பந்தி!”

அடுத்த வளைவில் கொன்செத்தா சித்தி நடுரோட்டுக்கே வந்து நின்றுவிட்டாள். “அவன் வீட்ல திம்பீங்க, என் வீடு மட்டும் ஆகாதோ?” அப்புறம் அவள் நாத்தனார், நாத்தனாரின் கொழுந்தன். பொழுது சாயும்போது புல்வெளி இன்னும் எங்கேயோ இருந்தது. சாலையோரத்திலேயே நெருப்பு மூட்டிக் கூனைப்பூவைத் தணலில் புதைத்தேன். பூண்டும் எண்ணெயும் முழங்கையில் வழிய, கரி பிடித்த இதழ்களைச் சம்பந்தியம்மாள் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

“அப்பா, அவங்களுக்குப் பிடிக்கல. கல்யாணம் போச்சுப்பா” என்று நுன்சியா என் காதில் அழுதாள்.

எனக்குப் பதறிவிட்டது. “நாளைக்கே கிளம்பறதாவது! வசந்தம் முடியற வரைக்கும் நம்ம வீட்லதான் இருக்கணும். இது உங்க வீடு, சம்பந்தியம்மா” என்றேன். முறைப்படி அவள் மூன்று தடவை ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும், நான் மூன்று தடவை கெஞ்ச வேண்டும், பிறகு எல்லோரும் சந்தோஷமாக அவரவர் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த அம்மாள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா! தலையை மட்டும் ஆட்டினாள். மறுத்துப் பேசக்கூட நாங்கள் லாயக்கில்லையா? இந்தக் கோபத்தை எப்படித் தணிப்பது என்று உடனே எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள். மாதா உங்களைக் காப்பாற்றட்டும், எங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கட்டும்.

உன் தம்பி,
கலோஜெரோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மாள் வந்து வாய் திறந்துவிட்டாள். “கல்யாணத்தை இங்கயே வச்சுக்கலாம். நீங்க இவ்வளவு ஆசையாக் கூப்பிட்டப்புறம் மாட்டேன்னா சொல்ல முடியும்? ஜூன் வரைக்கும் இருக்கோம். இனிமே வருஷா வருஷம் வந்துடறோம். என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் ரயில் ஏறிட்டாங்க.” நுன்சியா ஆனந்தத்தில் குதிக்கிறாள். கூய்தோ என் கட்டிலில் படுத்து நீளம் பார்க்கிறார். மேலே கேட்டதை விட்டுவிடு. குளிர்தேசத்துக்காரர்களுக்குக் கோபம் வரவழைப்பது எப்படி? அதை மட்டும் தந்தியில் சொல்.