மூன்று மணிக்கு மேட்ச்

தமிழனின் சாப்பாட்டைத் தொடங்கிவைக்க நூறு வழி உண்டு. நிறுத்துவதற்கு ஒரே வழிதான், இலையை மூடுவது. "போதும்" என்பது நம்மிடம் வெறும் மரியாதைச் சொல். அதைக் கேட்டு யாரும் கரண்டியைக் கீழே வைத்ததாகச் செய்தி இல்லை. கையை நீட்டித் தடுத்தால் விரல் இடுக்கு வழியாக ஊற்றுவோம். இலையை மடித்த பிறகுதான் நமக்கு லேசாக நம்பிக்கை வரும். (அப்போதும் பாயசத்தை டம்ளரில் கொண்டுவந்து கையில் திணிப்பவர்கள் உண்டு. என் அத்தை அந்த ரகம்.)

இலையே இல்லாத ஒரு நாட்டில், மடிக்க முடியாத பீங்கான் தட்டில், இந்த ஏற்பாடு என்ன கதியாகும் என்று சோதித்துப் பார்த்தவன் நான். சோதனையில் அகப்பட்டவன் பிரெண்டன் என்ற ஐரிஷ்காரன். தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரன், இடது விங்கர். அவனுடைய ஆட்ட வாழ்க்கையை ஒரு தமிழன் சோறு போட்டே முடித்துவைத்தான் என்று அயர்லாந்தில் ஒரு ஊரே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். பல்சக்கரங்கள் சுற்றும்போது ஏன் சத்தம் போடுகின்றன என்று கண்டுபிடிப்பதற்காக ஸ்டுட்கார்ட்டில் எனக்கு உதவித்தொகை கொடுத்து வைத்திருந்தார்கள். (ஏன் என்று இன்னும் தெரியவில்லை.) நகரத்தின் ஓரத்தில் ஒரு மூன்று மாடி வீட்டின் உச்சியில் எனக்கும் கணேசண்ணைக்கும் சேர்த்து ஓர் அறை, ஒரு சின்னச் சமையலறை. கணேசண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. எதிர் அறையில் பிரெண்டன். அந்தப் புறநகரின் சின்ன க்ளப்புக்கு அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

அந்த ஊரில் மாடிப்படி கூட்டுவது ஒரு மதம். எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக் கதவில் ஒரு மர அட்டையை மாட்டிவிடுவார்கள். அந்த வாரம் முழுக்கக் கூட்டி, துடைத்து, வீட்டுக்காரம்மாளின் விரல் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் கதவில் அட்டை தொங்கிய ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், கணேசண்ணைக்கு இரவு ஷிஃப்ட். மூன்றாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, பிரெண்டன் எங்களுக்குப் பதிலாகப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தான். படியில் உட்கார்ந்து, இடது காலை நேராக நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தாலேயே நகர்ந்து இறங்கினான். அயர்லாந்தில் இப்படித்தான் துடைப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். ஆராய்ச்சி மாணவனின் மூளை அப்படிப்பட்டது.

பிறகு தேநீரும் பேச்சுமாகப் பழகினோம். பதினேழு வயதில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனவன். ஒரு இரண்டாம் டிவிஷன் க்ளப்பில் ஏழெட்டு வருஷம் இடது ஓரக் கோட்டிலேயே ஓடியிருக்கிறான். சொந்த நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு மேட்ச். அன்று மூடுபனி. அவன் அடித்த கோலை கோல்கீப்பரைத் தவிர யாரும் பார்க்கவில்லையாம், அவரும் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லையாம். அப்புறம் இங்கிலாந்தில் விங்கரே இல்லாமல் ஆடுவது என்று ஒரு புதிய பாணி கிளம்பியது. நம் ஊரில் ராஜாக்களின் மானியத்தை நிறுத்தின மாதிரி, அங்கே விங்கர்களை நிறுத்திவிட்டார்கள். பதவி இழந்த அந்தச் சிற்றரசன் கடைசியில் எங்கள் எதிர் அறைக்கு வந்து சேர்ந்தான். வயது முப்பத்தொன்று. மனைவி நோராவும் நான்கு வயது மகளும் அயர்லாந்தில். மகள் பெயர் ஷீலா. (திருச்சியில் எங்கள் தெருவிலேயே இரண்டு ஷீலா இருந்தார்கள். அவனிடம் சொன்னதும் அவனுக்கு ஏனோ பரம சந்தோஷம்.)

படி துடைத்த நன்றிக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வந்து கதவைத் தட்டினான். வடக்கே ஒரு பெரிய க்ளப்பிலிருந்து ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம். மறுநாளே, மூன்று மணிக்கு மேட்ச். பிடித்துப்போனால் இரண்டு வருஷ ஒப்பந்தம், குடியிருக்க வீடு.

"வீடு கிடைச்சா நோராவையும் ஷீலாவையும் கூட்டிட்டு வந்துடலாம். போன வாரம் போன்ல பேசினேன். 'யார் பேசறது?'ன்னு கேக்குது என் பொண்ணு."

"ஜமாய்ச்சிடு. அவ்வளவுதானே?"

"மேட்ச் முடிஞ்சதும் அவங்க டாக்டர் வேற பார்ப்பாராம்" என்றான். பிறகு வாசனை பிடித்து, அடுப்பின் பக்கம் பார்த்தான். ஊரிலிருந்து வந்த புளியில் கடைசி உருண்டை ஊறிக்கொண்டிருந்தது. விருந்து வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான். அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. "பன்னிரண்டு மணிக்கு வந்துடறேன், ப்ரொபசர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பழுப்புப் பருப்பில் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வடை, ரசம், சேமியாப் பாயசம், தயிர். பாயசம் செய்வதற்கென்று விற்கும் குண்டு அரிசியில் சாதம். அது வயிற்றுக்குள் போன பிறகும் வளரக்கூடியது. தரையில் போர்வை விரித்தோம். பிரெண்டன் இடது காலை நீட்டியபடியே உட்கார்ந்தான். வெள்ளைக்காரனுக்குச் சம்மணம் வராது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

முதல் சுற்று முடிந்தது. தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்திருந்தான். காலித் தட்டைப் பார்த்த தமிழன் என்ன செய்வான்? கரண்டியை எடுத்தேன்.

"வேண்டாம் ப்ரொபசர், மூணு மணிக்கு மேட்ச்."

"மேட்ச் இருக்கு, அதனாலதான் சொல்றேன். தெம்பு வேண்டாமா?"

"இல்ல, உண்மையாவே போதும்."

"கொஞ்சூண்டு."

மூன்றாம் தடவை வற்புறுத்தியதும் தட்டை நீட்டினான். மறுபடி காலி செய்தான். மறுபடி போட்டேன். இப்படியே சாம்பாரிலிருந்து ரசத்துக்கும், ரசத்திலிருந்து இன்னொரு ரசத்துக்கும் போனோம். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணேசண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, பந்தடிக்கப் போற மனுசனுக்கு இவ்வளவு சோறு குடுக்கேலாது."

"சும்மா இருங்க அண்ணை. ஓடப்போறவன் சாப்பிட வேணாமா?"

"ஓம், சாப்பிடத்தான் வேணும். ஆனா நீர் செய்யிறது சாப்பாடு குடுக்கிறேல்லை. மூட்டை கட்டுறீர்."

நான் காதில் வாங்கவில்லை. தயிர்ச்சாதத்தைக் கொண்டுவந்தேன். தயிர்ச்சாதம் இல்லாமல் விருந்தாளியை எழுப்புவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பாயசம் இரண்டு டம்ளர். பிரெண்டன் எழுந்திருக்க முயன்றபோது கணேசண்ணை ஒரு கையைப் பிடித்தார், நான் இன்னொரு கையை.

மைதானத்தில் கூட்டம் சுமாராக இருந்தது. பெரிய க்ளப்பிலிருந்து வந்தவர் பச்சைத் தொப்பியோடு எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியது. முதல் பந்து இடது ஓரமாக, அழகாக, பிரெண்டனுக்கென்றே அளந்து வந்தது. தான் போகாத ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் அவன் அதைப் பார்த்தான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. இரண்டாவது பந்துக்கு நான்கு எட்டு எடுத்து வைத்தான், பிறகு இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். எதிரணியில் அவனைக் காவல் காக்க வேண்டிய இளைஞன், காவல் தேவையில்லை என்று கண்டுகொண்டு வேறு வேலை பார்க்கப் போனான்.

"தயிர்ச்சோறு வேலை செய்யுது" என்றார் கணேசண்ணை.

"இன்னும் சூடு ஏறலை அண்ணை. பொறுங்க."

"அவன்ரை கண்ணைப் பாரும். நித்திரை கொள்ளப் போறான்."

உள்ளூர் ரசிகர்கள் ஸ்வாபியப் பேச்சுவழக்கில் கத்தத் தொடங்கினார்கள். எனக்கு அந்த வழக்கு பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்னால் பிரெண்டன் கொடிக்கம்பத்தருகே மெல்லப் புல்லில் உட்கார்ந்தான். கோச் கையசைத்து அவனை வெளியே கூப்பிட்டார். பச்சைத் தொப்பிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் தன் வயிற்றின் முன்னால் கையை வளைத்து ஒரு பானை உருவம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பானையைச் சமைத்தவன் நான். ஒரு நான்கு வயதுக் குழந்தைக்குக் கிடைக்கவிருந்த வீட்டை இரண்டு மணி நேரத்தில் தின்னவைத்துவிட்டேன். அழுகை வந்தது. கணேசண்ணை கைக்குட்டையைக் கொடுத்தார். (அதிலும் ரச வாசனை.)

திரும்பும்போது ட்ராமில் பிரெண்டன் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை இருக்கைகளுக்கு நடுவிலிருந்த வழியில் நீட்டிக்கொண்டான்.

"நீ ஏன் வேண்டாம்னு சொல்லலை?" என்றேன்.

"சொன்னேனே. எங்க ஊர்ல ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டா வாங்கிக்கணும், இல்லேன்னா அந்த வீட்டுக்கு அவமரியாதை. போட்டதை மிச்சம் வைக்கவும் கூடாது. நீ ஏன் நிறுத்தலை?"

எங்கள் ஊரில் தட்டு காலியாக இருந்தால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். இலையாக இருந்தால் மூடிவிடலாம், தட்டு என்றால் இரண்டு கையாலும் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினேன். அவன் என் கைகளை வெகுநேரம் பார்த்தான். நான் ஆராய்ந்த சக்கரங்களிலேயே சத்தமில்லாமல் கச்சிதமாகப் பொருந்திய ஒரே ஜோடி நாங்கள் இருவர்தான்.

பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான். ட்ராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீட்டிய காலின் முழங்காலில் என் கையை எடுத்து வைத்தான். பாண்ட் துணிக்கு அடியில், உடைந்த விளையாட்டுச் சாமான்போல் ஏதோ ஒன்று இடம் மாறி நகர்ந்தது.

"போன இலையுதிர் காலத்துலேயே போயிடுச்சு. நோராவுக்குத் தெரியாது. வாராவாரம் இதை எவனாவது பார்த்துடுவானோன்னு பயந்துக்கிட்டே ஆடினேன். இன்னிக்கு அவங்க டாக்டர் ஒரு தடவை அமுக்கினா போதும், முடிஞ்சது. ஆனா பாரு, இன்னிக்கு ஒருத்தனும் என் முழங்காலைப் பார்க்கலை. எல்லாரும் வயித்தைத்தான் பார்த்தாங்க."

ஊரில் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"முழங்கால் போச்சுன்னு ஊருக்குப் போனா, பாவம்னு முதுகைத் தட்டுவாங்க, ப்ரொபசர். சாகிற வரைக்கும் தட்டுவாங்க. சோத்தால போச்சுன்னு போனா சிரிப்பாங்க. யாராவது கேட்டா சோறுன்னே சொல்லு."

அந்த வருஷத்து ஆட்டப் பருவம் முடிந்ததும் ஊருக்குப் போனான். ரொட்டி வண்டி ஓட்டினான். யார் பேசுகிறார்கள் என்று ஷீலா அதற்குப் பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஸ்டுட்கார்ட்டிலேயே தங்கி, திருச்சியிலிருந்து ஒருத்தியைக் கல்யாணம் செய்து அழைத்துவந்து, பிள்ளைகளும் பெற்றேன். எங்கள் வீட்டில் கரண்டியை நிறுத்தும் மந்திரம் இன்றைக்கும் ஒன்றுதான்: "மேட்ச் இருக்கு." என் பெண்கள் சொல்வார்கள், சர்க்கரை வியாதிக்கார மாமனார் சொல்வார், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கணேசண்ணை "எனக்கும் மேட்ச் கிடக்கு, பிள்ளை" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுப்பார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் இத்தாலிக்கு ரயிலில் போகிற வழியில் ஷீலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருபது தாண்டிய பெண், அப்பனின் அதே மூக்கு. முதல் சுற்று முடிந்து என் மனைவி கரண்டியை எடுத்ததும், அவள் இரண்டு கைகளாலும் தட்டை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே இடுக்கே இல்லை.

"அப்பா சொல்லி அனுப்பினார்" என்றாள். "எங்க ஊர்ல எல்லாருக்கும் உங்களைத் தெரியும். அம்மா இன்னும் வீட்டுல அரிசியே வாங்கறதில்லை."

எல்லோரும் சிரித்தோம். அவள் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு முழங்கால் வலி. படியில உக்காந்துதான் இறங்கறார். ரொட்டி வண்டியிலேருந்து விழுந்ததுன்னு சொல்றார். இங்க இருந்தப்பவே வலி இருந்துதா?"

"முழங்காலா?" என்றேன். "காத்து மாதிரி ஓடுவான் உங்கப்பன். சோறுதான் காரணம். மறுபடி மறுபடி ரசம் ஊத்தினது நான்."

அவள் நிம்மதியாகச் சிரித்து, கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். அதற்காகவே காத்திருந்த என் மனைவி ஒரு கரண்டி போட்டாள்.

தமிழில் எழுதுவதில் உள்ள வசதி, அயர்லாந்தில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போய், ரொட்டி வண்டி ஓட்டும் ஒரு பழைய விங்கரைப் பற்றி யாராவது கேட்டால், சோறுதான் என்று சொல்லிவிடுங்கள்.