பாதையைத் தானம் கொடுத்த கஸ்தூரி

அடி அண்ணாமலையில் கஸ்தூரிக்குச் சொந்தமாக ஒரு பாதை இருந்தது. பத்தடி அகலம். பின்னாலிருந்த பதினாலு வீட்டுக்காரர்களும் அதன் வழியாகத்தான் கிரிவலப் பாதைக்கு வந்துபோனார்கள். மழை பெய்தால் முழங்கால் சேறு. தனியார் நிலத்தில் சிமென்ட் போட ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையாம். போன ஐப்பசியில் பின்வீட்டுச் சரசுவைப் பிரசவ வலியோடு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனதைப் பார்த்த பிறகு கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. பாதையை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள்.

அலுவலகத்தில் எழுத்தர் பிரகாஷ் மனுவை இரண்டு தடவை படித்தார். நிலம் கேட்டு வந்தவர்களைத்தான் அவருக்குப் பழக்கம்.

"இதுல ஜனங்க நடக்குறாங்களா?"

"நாப்பது வருஷமா நடக்குறாங்க சார்."

"அப்ப அது உங்க சுவாதீனத்துல இல்லீங்களேம்மா. கையில இல்லாத உரிமைய எப்படி விட்டுக்குடுப்பீங்க? வேலி போட்டு, யாரையும் வுடாம, போட்டோ எடுத்துட்டு வாங்க."

போட்டாள். பதினாலு வீடும் ஏசியது. "திமிரு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார் கடைசி வீட்டு தசரதன். போட்டோ நன்றாகவே வந்தது. 'சகலவிதமான பாத்தியதைகளையும் மனப்பூர்வமாகத் துறந்து' பத்திரம் பதிவாயிற்று. அதிகாரிகள் நேரில் வந்து கஸ்தூரிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் போட்ட வேலியைப் பிடுங்கிவிட்டு இன்னும் உறுதியாக ஒரு கம்பிவேலி போட்டார்கள். பலகையும் வைத்தார்கள்: 'அரசு நிலம். அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்.'

கஸ்தூரி மறுபடி ஓடினாள். "பாதைனுதானே சார் குடுத்தேன்!"

"நில வகைப்பாட்டுல பாதைனு மாறினாத்தாங்க நடக்கலாம்."

"மாத்துங்க சார்."

"ஜனங்க நடக்குறாங்கனு ஆய்வுல தெரிஞ்சா மாத்துவோம்."

"நீங்கதான் நடக்க வுடலியே?"

"வகைப்பாடு மாறலியேம்மா" என்றார் பிரகாஷ், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வீடு திரும்பினாள். பதினாலு வீடும் அவளுடைய மல்லாட்டைக் கொல்லையில் புது வழி போட்டிருந்தது. பூ விட்ட கடலைச் செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. மறுவாரம் ஆய்வுக்கு வந்த பிரகாஷும் அதன் வழியாகவே நடந்து வந்தார்.

"நல்ல வழியா இருக்குதே. இதையும் எழுதிக் குடுத்துடுங்களேன்?"

கூட்டம் தலையாட்டியது. "பொதுக் காரியம், யோசிக்காதம்மா" என்றார் தசரதன்.

கஸ்தூரி அவர் பக்கம் திரும்பினாள். "ஜனங்க நடந்து வழியாயிடும்னு, ரோடு வரைக்கும் போற உங்க காலிமனையப் பூட்டியே வெச்சிருக்கீங்களே, அண்ணா. இந்தத் தடவ நீங்க குடுங்களேன்."

தசரதன் தொண்டையைச் செருமினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மனுவா எழுதிக் குடும்மா. பரிசீலனை பண்றேன்."