பாதுகாவலன் பிடித்த பிஸ்டல்

நான் யாரையும் சுட்டதில்லை. என்னையும் யாரும் சுட்டதில்லை. ஆனாலும் ஒரு கைத்துப்பாக்கி என் மானத்தைக் கொன்றது உண்மை. பார்த்த சாட்சிகள் இரண்டு பேர்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரான காரோட்டில் வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரையில் நகைக்கடை வைத்திருந்த லீலாம்மா மேடத்துக்கு, நாகர்கோவிலுக்குத் தங்கம் வாங்கப் போகும்போது கூடப்போக ஒரு பாதுகாவலன் தேவைப்பட்டது. "துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா?" என்றார். "நல்லா தெரியும்" என்றேன். (கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி துடைத்திருக்கிறேன்.) அதற்குள் என் அம்மா, எனக்குப் பேசிவைத்திருந்த குளத்தூர்ப் பெண்ணின் வீட்டாரிடம், "மகனுக்கு வேலை கிட்டியாச்சாக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

சோதனை திருவனந்தபுரத்தில், ஒரு சுடும் பயிற்சித் திடலில். மேடத்தின் லைசென்ஸ் பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்த்ததும் எனக்கு அதன்மேல் இரக்கம் வந்துவிட்டது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுட்டேன். குண்டு போனது. வெளியே தெறிக்க வேண்டிய காலித் தோட்டா மட்டும் பாதியில் மாட்டி, கொம்புபோல் நிமிர்ந்து நின்றது. திடல் மேற்பார்வையாளர் எடுத்துவிட்டார். மறுபடியும் கொம்பு. மூன்றாவது முறையும் கொம்பு.

"பிஸ்டல் பழசு மேடம். மாத்தணும்" என்றேன்.

அவர் அதை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அறுபது வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம். மேடம் பிஸ்டலை வாங்கிக் கையை நீட்டினார். ஆறு முறை சுட்டார். ஆறு காலித் தோட்டாக்களும் ஒழுங்காகத் தெறித்து விழுந்தன.

"எடா, கேடு பிஸ்டலுக்கு இல்ல, நீ பிடிக்குத பிடிக்காக்கும். சுடும்போ மேல உள்ள இரும்பு பின்னால ஓடும். கை அசையாம நின்னாத்தான் முழுசா ஓடித் தோட்டாவத் தள்ளும். நீயும் கூடவே பின்னால போனா?"

இன்னொரு வாய்ப்பு தந்தார். இம்முறை கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தேன். கட்டைவிரல் பக்கத்துச் சதை மேலே பிதுங்கியது. பின்னால் பாய்ந்த இரும்பு அதைக் கிழித்துக்கொண்டு நின்றது. பிஸ்டல் நான்காவது முறையாக மாட்டியது. "அம்மே!" என்ற அலறல் மட்டும் மாட்டாமல் வெளியே வந்தது.

பஸ்ஸில் பாறசாலை வரை ஒரே யோசனை. வேலை போச்சு, கல்யாணமும் போச்சு. கடலில் குதிக்கலாம் என்றால், கடற்கரையில் பிறந்த பாவத்துக்கு நீச்சல் வேறு தெரியும்.

"எலே, கையில என்னது கெட்டு?" என்றாள் அம்மா, கட்டுத்துணியைப் பார்த்து.

"துப்பாக்கியாக்கும்."

"ஐயோ! சுட்டது ஆரு மக்கா?"

"நான்தான்."

மூன்றாம் நாள் மேடம் ஆளனுப்பினார். அவருடைய டிரைவர் வளைகுடாவுக்குப் போகிறாராம். "கார் ஓட்டத் தெரியுமா? பொய் சொல்லாண்டாம்." அது உண்மையாகவே தெரியும். பதினோரு வருடம் ஓட்டினேன். பிஸ்டல் பின்சீட்டில், அவர் கைப்பையில் இருந்தது. யார் யாருக்குப் பாதுகாவலன் என்று ஊரில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குளத்தூர்ப் பெண்ணையே கட்டினேன். மாதா கோவிலில் பாதிரியார், "வலக்கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். மணிக்கட்டு தளர, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். முன்வரிசையிலிருந்து மேடத்தின் குரல்:

"எடா, ஆடாம பிடி!"

பாதிரியார் உட்படக் கோவிலே சிரித்தது. அந்தப் புகைப்படத்தில் அழுவதுபோல் நிற்பது நான் ஒருவன்தான். ஆல்பத்தை யார் புரட்டினாலும் என் மனைவி முதலில் பிஸ்டல் கதையைச் சொல்வாள். மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.