அந்த ஓவனை வந்து எடுத்துக்கொண்டு போகவும்

என் மனைவியின் ஒரே தம்பியும், அந்த ஒரு காரணத்தாலேயே நான் தட்டிக் கேட்க முடியாதவருமாகிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் இந்த நிமிஷம் வரை நலம். அங்கே நீங்களும் உங்கள் மனைவி மக்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஓவன் இல்லையே, உங்களுக்கென்ன குறை!

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கேஸ் ஓவனை வாங்கி அனுப்பிவைத்தீர்களே, அதைத் தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். வண்டி வாடகை நான் தருகிறேன். இறக்கி ஏற்ற ஆள் நான் பார்த்து வைக்கிறேன். அக்காவிடம் மட்டும், இந்த மாடலில் ஏதோ கோளாறாம், கம்பெனிக்காரனே திரும்பக் கேட்கிறான் என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லிவிடுங்கள். சின்ன வயதில் எத்தனையோ பொய் சொல்லி அவளிடம் தப்பித்தவர்தானே நீங்கள்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். காலமெல்லாம் லிஃப்ட் சோதனை செய்து சம்பளம் வாங்கியவன் நான். கயிறு அறுந்தால் என்ன ஆகும், கதவு பாதியில் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று பயப்படுவதற்கே எனக்குப் பணம் கொடுத்தார்கள். வயதானதும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பயத்தை என்னிடமே விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டில் லிஃப்டும் இல்லை, என்ன செய்ய, ஓவனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இருங்கள், குமிழைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்க்க முடியவில்லை. உங்கள் அக்கா ரொட்டியை ஓவனுக்குள் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் குறுக்கே நாற்காலியைப் போட்டு, அதன் மேல் மாவு டின்னையும் ஏற்றி, "இதைத் தாண்டினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். அங்கே மேல்மாடி டீச்சரம்மா இருப்பார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் காய்ந்த துணி மறுபடி நனைந்தாலும் தெரியாது. எரிகிற ஓவனை விட்டு இப்படி நகரலாமா? கேட்டால், "நீங்கதான் காவல் இருக்கீங்களே" என்கிறாள். காவல்காரனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு!

அவள் கவனக்குறைவு என்று நான் சொல்லவில்லை, பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கதவைத் திறந்து உள்ளே பாத்திரம் ஏதும் கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். தீக்குச்சியை முதலில் கிழித்துக்கொண்டு, அப்புறம்தான் குமிழைத் திருகுகிறாள். பற்றாவிட்டால் குமிழை மூடி, கதவை அகலத் திறந்து, காற்றாட விட்டுவிட்டு, ஆற அமர வந்துதான் மறுபடி குச்சியைத் தொடுகிறாள். ஜன்னல் திரையைக்கூடக் கழற்றிவிட்டாள். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்த லிஃப்டுகள்தான் மச்சான் நடுவழியில் நின்றன.

அதனால் நானும் என் பங்குக்குச் சோதனையை ஆரம்பித்தேன். காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம், நடுவில் சந்தேகம் வந்தபோதெல்லாம். சோப்புத் தண்ணீரை நுரைத்து, ரப்பர் குழாய் நெடுகத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்ப்பேன். குனிந்து குனிந்து முட்டி பிடித்துக்கொண்டது. நல்ல வேளையாக, என்னோடு வேலை பார்த்த நண்பர் எப்போதோ கொடுத்த மூட்டுத் தைலம் ஒரு பெரிய பாட்டில் அலமாரியில் கிடந்தது. பழசாக ஆக வீரியம் கூடும் என்று அவர் சொல்லியிருந்தார். சோதனைக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை என்று தேய்த்துக்கொண்டேன். முட்டிக்குப் பரவாயில்லை. ஆனால் பாருங்கள், நான் சந்தேகப்பட்டது அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

எப்படி என்கிறீர்களா? ஓவனை மாட்டிய கேஸ் மெக்கானிக்கை வரவழைத்து, "கொஞ்சம் மோந்து பாருங்க, ஏதாவது வாசனை வருதா?" என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், சட்டென்று எழுந்து நின்றுகொண்டு, "வருது சார். நல்லாவே வருது. ஆனா கேஸ் இல்ல" என்றார். கேஸ் ஓவனில் கேஸ் வராமல் வேறு என்ன வரும்? "அப்ப என்ன வாசனை?" என்றேன். மனுஷன் உங்கள் அக்காவைப் பார்த்தார், உங்கள் அக்கா மேலே விட்டத்தைப் பார்த்தாள். "நான் கிளம்பறேன்மா" என்று போயே போய்விட்டார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் இந்தக் காலத்து ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது.

சரி, வெளியாள் ஒருவரைக் கேட்போம் என்று கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூட்டிவந்தேன். உங்களுக்கு அவரைத் தெரியும். இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசி, வாரம் ஒரு கால்சட்டையையாவது பொசுக்கி, அந்தக் கருகல் நெடியை நம் வீட்டு ஜன்னல் வழியே அனுப்பிவைப்பாரே, அவர்தான். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். "வருதுங்க" என்றார். "எங்கே ஜாஸ்தியா இருக்கு?" என்றேன். "இங்கதாங்க, நாம நிக்கிற இடத்துல." நான் அவரை ஹாலுக்கு அழைத்துப் போனேன். "இப்ப இங்கயும் வருதுங்க." பால்கனிக்குப் போனோம். "அங்கயும் வந்துட்டுதுங்க" என்றார், பாவம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. பார்த்தீர்களா மச்சான்? கசிவு ஒரு இடத்தில் நிற்கவில்லை, வீடு முழுக்க எங்கள் பின்னாலேயே வருகிறது!

வீட்டோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய் முன்னால் நின்றார். நூலகத்தில் நான் உட்கார்ந்த மேஜை காலியாகிவிட்டது. கேஸ் என் சட்டை வேட்டியெல்லாம் ஏறிப் படிந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து பீடி சிகரெட் பிடிக்கிற ஆளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறேன். ஒரு பொறி பட்டால் நான் குப்பென்று பற்றிக்கொள்வேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு நான் கை கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தேன். காற்று வந்து ஓவன் தீயை அணைத்துவிட்டது. உங்கள் அக்கா பதறிப்போய்க் குமிழை மூடினாள். மின்பொறி வரக்கூடாதே என்று மெயின் சுவிட்சை இறக்கினேன். குளிர்ப்பெட்டிப் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர், அதில் வழுக்கி விழுந்தது நான்தான். ஈரச் சாக்கைக் குழாய் மேல் போர்த்தினேன். "பாம்புன்னு நெனச்சு பயந்து செத்தேன்" என்று அவள் கத்தினாள். இது போதாதென்று மெக்கானிக் ஓவன் பக்கத்தில் தரையோரமாக, பச்சை விளக்கு எரிகிற ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். என்னவென்று கேட்டால், கரப்பான் பூச்சி வராமல் இருக்க என்கிறாள் உங்கள் அக்கா. கரப்பான்கள் அதன் மேல் ஏறி வாக்கிங் போகின்றன. போன வாரம் நான் முட்டிக்குத் தாராளமாகத் தைலம் போட்டுக்கொண்டு அதன் அருகில் உட்கார்ந்து குழாயைச் சோதித்தேனோ இல்லையோ, அந்தப் பெட்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த ஆரம்பித்துவிட்டது. நான் விழுந்தடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பின்னாலேயே வந்தவள், "ஒண்ணுமில்ல, பெரிய கரப்பான் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். நீங்கள் தூர இருக்கிறீர்கள். கிட்ட இருந்து அனுபவிக்கிறவன் நான்.

அன்றைக்குத்தான் தீர்ப்பும் சொன்னாள். "இந்த வீட்ல ஓவன் இருக்கும். நீங்க இருக்கணுமா வேணாமான்னு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க." இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இதுதான் மரியாதை.

மச்சான், உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் என்னைப் பைத்தியக்காரன் என்றே முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் சொல்கிறேன். அக்கா காதுக்குப் போகக் கூடாது. போன வருஷம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததல்லவா, அது போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. காபி தெரியவில்லை, சோப்பு தெரியவில்லை, மழைக்கு முன்னால் மண் தெரியவில்லை. உங்கள் அக்கா தினமும் ஓவனில் எதையாவது வைத்துவிட்டு, ஒரு நாள் லவங்கம் போட்டு, ஒரு நாள் ஆரஞ்சுத் தோல் போட்டு, ஒரு நாள் பூண்டு தடவி, "வாசனை வருதாங்க?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். நான் பேப்பரை மடக்காமலே, "ஆஹா, தெருவே மணக்குது!" என்பேன். அவள் கைமணத்தை ஊரே மெச்சினாலும், நான் மூக்கால் இழுத்துச் சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. அந்த ஒன்றும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

சாப்பிட்டதும் அவள் சமையலறைக்கு அடுத்த அறையில் கொஞ்சம் கண்ணயர்வாள். அப்போது கேஸ் கசிந்தால், தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? நான் விழித்துத்தான் இருப்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், ஒன்றுமே தெரியாமல். அவள் இல்லாத வீட்டில் ஓவன் இருந்தென்ன, நான்தான் இருந்தென்ன. பயமாக இருக்கிறது மச்சான், அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் கண்டவரையெல்லாம் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்கிறேன். என் மூக்கு வேலை செய்யாததால் ஊரார் மூக்கைக் கடன் வாங்குகிறேன்.

சே, இந்தத் தையல்காரருக்கு இன்றைக்கும் வேலையாகிவிட்டது. எதையோ தீய்த்துத் தொலைத்துவிட்டார், ஒரே கருகல் நெடி, நிம்மதியாக ஒரு கடிதம் எழுத விடுகிறார்களா! எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

எதில் விட்டேன்? ஆம், ஓவன். எப்போது வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள். அது போகிற வரைக்கும் எனக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் வராது. உங்கள் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் தீயோடு விளையாடாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் வெடிக்காத வீட்டிலிருந்து,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். குமிழைப் பத்து தடவை பாக்கறவரு, இந்த உறையை ஒட்ட மறந்துட்டு உள்ள போயிருக்காரு. முழுக்கப் படிச்சுட்டேன். மூக்கு போனது எனக்கு எப்பவோ தெரியும்னு உனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. ஓவனே பத்த வைக்காத ஒரு நாள் "வாசனை வருதாங்க?"ன்னு கேட்டேன், "தெருவே மணக்குது"ன்னாரு. பழகின வாசனையா தினம் காட்டிக்கிட்டே இருங்க, திரும்ப வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தானே உன்கிட்ட ஓவன் வேணும்னு அழுதேன். அது புரியாம, உன்கிட்டயே வந்து முறையிடறாரு பாரு. கசிஞ்சா கத்தத்தான் கீழே அந்த வெள்ளைப் பெட்டியும் மாட்டியிருக்கு. தைல நாத்தத்தைச் சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னா மூக்கு சங்கதி எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுடுமே, மனுஷன் ஒடிஞ்சுடுவாரேன்னு நான் சும்மா இருந்தேன், தெருவே சும்மா இருந்துச்சு.

இப்ப நல்லா கேளு. டீச்சரம்மாகிட்ட பேசிட்டு இறங்கி வந்து பாத்தா, ஓவன்ல ரொட்டி கரிக்கட்டையா கிடக்கு. எரியிற ஓவனை விட்டுட்டுப் போனது என் தப்புதான், அவர்கிட்ட சொல்லாதே. குமிழை மூடிட்டு, கரிஞ்ச ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டுதான் இந்தக் கடிதத்தைப் படிச்சேன். "ஒரே கருகல் நெடி"ன்னு எழுதியிருக்காரே, அந்த வரிக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துட்டேன். தையல்காரர் இன்னிக்குக் கடையே திறக்கலை தம்பி. எழுதினவருக்கே தெரியலை, தான் என்ன எழுதியிருக்கோம்னு. இதை எப்படிப் போய் அவர்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உனக்கு எழுதிக்கிட்டு நிக்கிறேன். ஓவனை எடுக்க வராதே. வெண்ணெய் வாங்கிக்கிட்டு வா.

இரு, உள்ளேயிருந்து கத்தறாரு: "ஏய், இந்தத் தைலத்துல என்னத்தைக் கலந்து வச்சிருக்கே? குடலைப் பிடுங்குது நாத்தம்!"

தெருவுக்கே தெரிஞ்ச சங்கதி, கடைசியா அவருக்கும் தெரிஞ்சு போச்சு. நான் போறேன்.