காயாத வார்னிஷ்

கத்பர்ட், யூலலிக்குத் தர வேண்டியது நூற்று நாற்பது டாலர். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ரம் கேக்கின் விலை. பணம் இல்லாமல் இல்லை; பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. கொடுத்துவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்?

மனைவி மெர்ல் இறந்த பிறகு அவர் வீட்டு வாசலில் மனிதக் குரல் கேட்பது சனிக்கிழமை மட்டும்தான். யூலலி வந்து குடைக்கம்பியால் கேட்டைத் தட்டுவாள்.

"மிஸ்டர் கத்பர்ட்! என் கேக்கு செரிச்சிருச்சா இல்லையா?"

"அடுத்த வாரம், மிஸ் யூலலி."

"உங்க அடுத்த வாரத்துக்குத் தாடியே நரைச்சுப் போச்சு!"

அந்தத் திட்டை வைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்.

போன சனிக்கிழமை அவள் வேறு மாதிரி சொன்னாள். "கிறிஸ்துமஸுக்கு மொத நாள் வருவேன். உள்ள உக்காந்து வாங்கிட்டுத்தான் போவேன். அதோட இந்தத் தெருப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!"

கடைசியாக வரும்போதுதான் உள்ளே உட்காரப்போகிறாள். நாற்காலி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா? கிறிஸ்துமஸ் வந்தால் இந்த அரிமா ஊரில் வீட்டுக்கு வீடு மர சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பார்கள். இந்த வீட்டில் அடித்தது எப்போதும் மெர்ல்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைக்கு அது தெரியாது.

முதலில் மஹோகனி நாற்காலியைச் சோப்புத்தூள் போட்டு, வாளி வாளியாக ஊற்றிக் குளிப்பாட்டினார். காய்ந்ததும் சொறிநாய் மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். வெளுப்பு போகவில்லை, நாற்றம்தான் வந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார், தேய்த்தார், ஒரு கைப்பிடி மட்டும் நோயில் கிடந்து எழுந்தது மாதிரி இளைத்துவிட்டது.

ராம்தீனின் ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

"ஒரு டின் வார்னிஷ் குடு ராம்தீன். சிமெண்டு எறக்குன கூலியில கழிச்சுக்க."

பிப்ரவரியில், கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் இறக்கியது. தேவைப்படும்போது வாங்கலாம் என்று விட்டுவைத்த கூலி.

"எந்தக் கூலி? அப்புறம் பேசலாம், கூட்டத்தைப் பாருங்க. இப்ப காசைக் குடுங்க!"

கூலியை விழுங்கிவிட்டானா? கத்பர்ட் காசை மேசையில் அறைந்துவிட்டு வந்தார்.

வார்னிஷைக் கெட்டியாகப் பூசினார். மழை விடவில்லை, வார்னிஷ் காயவில்லை. மின்விசிறியை வைத்தார். அது கிழிந்த தலையணையிலிருந்து இறகையெல்லாம் கிளப்பியது. நாற்காலி கோழியாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மேலே இன்னொரு பூச்சு பூசினார்.

அதற்குள் சொன்ன நாள் வந்துவிட்டது; யூலலி, புது மஞ்சள் கவுனில், உள்ளேயே வந்துவிட்டாள்.

"ஐயோ, உக்காராதீங்க!"

"ஏன்? கடன் குடுத்தவ நின்னுக்கிட்டேதான் வாங்கணுமா?" சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். எழுந்தாள். நாற்காலியும் எழுந்தது.

"மண்ணெண்ணெய் வச்சு மெதுவா..."

"புதுக் கவுன்ல மண்ணெண்ணெயா? கிட்ட வாங்க, பல்லைப் பேத்துடறேன்!"

"கத்தரிக்கோல்?"

அவள் பார்த்த பார்வையில் கத்பர்ட் இரண்டடி பின்வாங்கினார். "அப்ப என்னதான் செய்யறது?"

"காயட்டும்."

"காஞ்சா இன்னும் பிடிச்சுக்குமே?"

யூலலி அடுப்பில் வெந்த பன்றித் தொடைப் பக்கம் மூக்கை நீட்டினாள். "ஹாம் வாசனை வருதே. அதையாவது நறுக்குறீங்களா?"

இரண்டாவது தட்டைத் தேடி எடுத்துத் தூசி துடைக்க வேண்டியிருந்தது. யூலலி சாப்பிட்டாள், ஹாமில் உப்பு பத்தவில்லை என்றாள், நியூயார்க்கிலிருக்கும் மகன் போன் செய்யவே இல்லை என்றாள். மெர்லைப் பற்றிக் கேட்டாள். மெர்ல் என்ற பெயரை அந்த வீட்டில் இன்னொருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! பொழுது சாய்ந்ததே தெரியவில்லை.

கத்பர்டுக்குத் தாங்கவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து பணத்தை அவள் மடியில் வைத்தார்.

"அப்பவே இருந்துச்சு, மிஸ் யூலலி. நீங்க வர்றது நின்னுருமேன்னுதான் குடுக்கல."

யூலலி பணத்தை அவசரமாகத் தள்ளினாள். "இன்னிக்கு வேணாம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

"தெருப் பக்கமே வர மாட்டேன்னீங்களே?"

அப்போது நனைந்தபடி ராம்தீன் உள்ளே வந்தான். "கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களே மிஸ்டர் கத்பர்ட்? கூட்டத்துல விவரம் சொல்ல முடியல, அதான்..."

"ராம்தீன், நீ போய்க் கடையைப் பாரு!" யூலலி பதறி எழுந்தாள். நாற்காலி விடவில்லை, மறுபடி உட்கார்ந்தாள்.

ராம்தீன் அவளையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்தக் கூலி நூத்தி நாப்பதையும் கேக்குக் கடனுக்குன்னு கார்னிவல் அப்பவே மிஸ் யூலலி வாங்கிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"