தருணம் பார்க்கும் தலைவர்

பெர்கானாப் பள்ளத்தாக்கில் முலாம்பழங்கள் எத்தனை வகையோ, விடுதலைத் தலைவர்களும் அத்தனை வகையினர். அவற்றுள் வெயிலில் வெடிக்காமல், நிழலில் அழுகாமல், விலை ஏறும்வரை வைக்கோலுக்குள் பத்திரமாகக் கிடக்கும் வகை ஒன்று உண்டு. அதுவே தருணம் பார்க்கும் தலைவர் என்னும் இனம்.

எங்கள் கோகந்து நகருக்கு வாய்த்தவர் ஸய்ஃபி பெக். ரஷ்ய ஜார் மன்னரின் ஆட்சி ஒழியவேண்டும் என்பதில் அவருக்கு இரண்டு கருத்துகள் இல்லை. எப்போது என்பதில் ஒரு கருத்துகூட இல்லை. அம்மன்னர் அளித்த பதக்கம் பள்ளிவாசலில் அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் இருக்கும். ஆளுநர் மாளிகைப் படியேறும்போது வெளிப்புறத்தில் மின்னும். தேநீர்க்கடைக்கு வந்தால், முதலில் வாசலைப் பார்ப்பார்; ஒற்றர் எவரும் இல்லையென்று தெளிந்தபின் தொண்டையைச் செருமுவார்; முஸ்லிம்களின் உரிமை, முன்னோரின் வாள், அடிமைத்தளை எனக் குரலைப் படிப்படியாக உயர்த்திச் சென்று, கேட்போர் கண்கலங்கி எழப்போகும் வேளையில் இறைச்சிப் புலவுச் சோறு வந்துவிட்டதென அமர்ந்துவிடுவார். விடுதலை ஆறலாம், புலவு ஆறலாமா?

சென்ற இளவேனிலில், பிள்ளைகளுக்குப் புதுமுறையில் பாடம் சொன்ன குற்றத்துக்காக ஆசிரியர் இஸ்மத்துல்லாவைச் சிறையில் அடைத்தார்கள். வெள்ளிக்கிழமை ரயிலில் சைபீரியாவுக்கு அனுப்புவதாக முடிவு. ஊராரில் எவரேனும் நேரில் வந்து பிணை நின்றால் மட்டும் விட்டுவிடுவார்களாம். அவர் மனைவி ஒய்திலோ, பெண்கள் நிற்காத இடமாகிய தேநீர்க்கடை வாசலில் முகத்திரையோடு வந்து நின்றாள்.

"பெக் ஐயா, 'இவர் நம்ம ஆளு, நான் பொறுப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"ஒரு வார்த்தையா? ஒன்பது வார்த்தை சொல்றேன் தங்கச்சி! நீ போய் அவருக்குச் சோறாக்கி வை."

மறுநாள் காலை ஆளுநர் மாளிகைக்குப் போனவர் நண்பகலில் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"துரை என்னை எப்படி உபசரிச்சார் தெரியுமா? அவரே கெண்டியை எடுத்து, கோப்பை தளும்பத் தளும்ப சாயா ஊத்தினார்!"

விருந்தினர் நெடுநேரம் இருக்கவேண்டுமென்றால் எங்களூரில் கோப்பையில் கால்வாசியே ஊற்றுவோம். மறுபடி மறுபடி ஊற்றும் சாக்கு வேண்டுமல்லவா? விளிம்புவரை நிரப்பினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். தொட்டில் குழந்தையும் அறியும். எங்களிடையே நரைத்துப்போன ஆளுநரும் அறிவார். பெக் அறியமாட்டாரா?

கடைக்காரர் ஹைத்பாய் சமோவார் கொதிகலனைத் துடைத்தபடியே கேட்டார்: "ஏன் பெக், சாயா நாக்கைச் சுட்டுச்சா, இல்ல படியிறங்கறப்போ முதுகைச் சுட்டுச்சா?"

கடையே குலுங்கிச் சிரித்தது.

"போடா, உனக்கு அரசியல் தெரியாது! ரஷ்யன் நிறைய ஊத்தினா அது நிறைஞ்ச மனசுடா!"

"ஐயா, அவர் பேரைச் சொன்னீங்களா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேம்மா. அதுக்குள்ள கோப்பை வந்துடுச்சு. குடிக்காம பேசினா மரியாதையா? குடிச்சு முடிச்சேன், சிப்பாய் கதவைத் திறந்துட்டான்."

"அப்போ நானே போறேன்."

"பொம்பளையா? வேணாம், காரியமே கெட்டுடும்!" என்றார் பெக். கடை முழுவதும் ஆமோதித்துத் தலையசைத்தது.

ஒய்திலோ போனாள். மனைவியின் பிணை செல்லாது என்றார்கள். "உங்க ஊர்ல வேற ஒரு ஆம்பளைகூடவா இல்ல?" என்று காவலிருந்த சிப்பாயே கேட்டானாம்.

வெள்ளிக்கிழமை ரயில் புறப்பட்டது. அன்றைய தொழுகைக்குப் பின் இஸ்மத்துல்லாவின் தியாகத்தைப் பற்றி பெக் ஆற்றிய உரையைப்போல் ஓர் உரையைக் கோகந்து இதுவரை கேட்டதில்லை.

பிணை நிற்பவர் தலைவராகத்தான் இருக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. அன்று கடையில் சிரித்தவர் அத்தனை பேருக்கும் கால்கள் இருந்தன; மாளிகையும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவர்களுக்கு நடுவே உங்கள் சிரிப்பும் எனக்குக் கேட்டது, வாசகரே. நீங்கள் எழுந்திருக்கும் ஓசைதான் இன்னும் கேட்கவில்லை.